தலைவலி மாத்திரைக்கும் தேதி பார்க்க வேண்டும்!

உங்கள் வீட்டில் தினசரி காலண்டர் இருக்கிறதல்லவா? அதில் ராகு காலம் பார்க்கிறோம், எமகண்டம் பார்க்கிறோம். பால்காரர் வராத நாளுக்கு வட்டம் போடுகிறோம். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை மறக்காமல் குறித்து வைக்கிறோம். ஆனால் வீட்டுப் பெண்ணுக்குத் தலைவலி வந்த தேதியை எந்த வீட்டுக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை.

குறித்து வைத்திருந்தால் பல வீடுகளில் ஓர் உண்மை தெரிந்திருக்கும். ‘எப்பப் பார்த்தாலும் தலைவலி, தலைவலின்னு படுத்துக்கறா’ என்று சலித்துக் கொள்கிறோமே, அந்தப் பெண்ணுக்கு எப்பப் பார்த்தாலும் வருவதில்லை. மாதவிலக்கை ஒட்டிய நாலைந்து நாளில்தான் வருகிறது. வந்தால் நெற்றிப்பொட்டில் ஒரு பக்கமாக ‘விண் விண்’ என்று தெறிக்கிறது. வெளிச்சம் கூசுகிறது. மிக்ஸி சத்தம் ஆகவில்லை. தாளிக்கிற வாசனை பட்டாலே குமட்டுகிறது. மைக்ரேன் என்று டாக்டர்கள் சொல்லும் ஒற்றைத் தலைவலியில் இது ஒரு வகை.

இந்த வகைக்கு எந்த மருந்து நல்லது? மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரையா, டாக்டர் எழுதிக் கொடுக்கும் விலை கூடின மாத்திரையா, எங்கள் சித்த மருந்தா? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தின் பெயர் பாதி விஷயம்தான். அதை எந்தத் தேதியில் போடுகிறோம், மாதத்தில் எத்தனை நாள் போடுகிறோம் என்ற கணக்கு மீதிப் பாதி. இந்தக் கணக்கு இல்லாமல் போடுகிற நல்ல மருந்தும் வீண். சில சமயம் அதுவே புதுத் தலைவலியாகிவிடும்.

‘சித்த வைத்தியம் படிச்சவங்களுக்கு இங்கிலீஷ் மாத்திரையைப் பத்தி என்ன பேச்சு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு எளாவூரில் வைத்தியம் பார்க்கிறேன். அந்த மாத்திரைகளை நான் எழுதிக் கொடுப்பதில்லை. தேவைப்படுகிறவர்களை அதற்குரிய டாக்டரிடம் அனுப்பி வைக்கிறேன். ஆனால் எங்கள் ஊர் எப்படிப்பட்ட ஊர்? கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட், அந்தப் பக்கம் தடாவைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. ஷிப்டுக்குப் போகிற பெண்கள் ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் போய் வருகிறார்கள். என்னிடம் வரும்போது முக்கால்வாசிப் பேர் ஏற்கெனவே ஏதோ ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். கைப்பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் நான் கஷாயம் காய்ச்சிக் கொடுத்து என்ன பயன்?

ஏன் அந்த நாலைந்து நாள்?

மாதவிலக்கு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து, தொடங்கிய மூன்றாம் நாள் வரை. இந்த ஐந்து நாளுக்குள், மூன்று மாதத்தில் இரண்டு மாதமாவது ஒற்றைத் தலைவலி வந்தால் அதை மாதவிலக்கு மைக்ரேன் என்கிறது சர்வதேச தலைவலிச் சங்கத்தின் கணக்கு. சிலருக்கு இந்த நாட்களில் மட்டும் வரும். பெரும்பாலோருக்கு இந்த நாட்களில் கடுமையாகவும், மற்ற நாட்களில் எப்போதாவதும் வரும்.

காரணம் என்ன? பெண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் மாதக் கடைசியில் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம்தான் வலியைக் கிளப்புகிறது. 1970-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பிரையன் சாமர்வில் என்ற டாக்டர் இதைச் சோதித்துப் பார்த்தார். மாதவிலக்குக்கு முன்னால் சில பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டார். மாதவிலக்கு வழக்கமான நாளில் வந்தது, தலைவலி மட்டும் சில நாள் தள்ளிப் போய் வந்தது. புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டபோது மாதவிலக்கு தள்ளிப் போனது, ஆனால் பெரும்பாலோருக்குத் தலைவலி வழக்கமான நாளிலேயே வந்துவிட்டது! ஆக, தலைவலியை இழுத்து வருவது உதிரப்போக்கு அல்ல. அதற்கு முன் நடக்கும் ஈஸ்ட்ரோஜன் இறக்கம்.

நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் கொடுக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை அட்டையைப் பாருங்கள். மொத்தம் 28 மாத்திரை. அதில் 21-ல் ஹார்மோன் இருக்கிறது, மீதி 7 வெறும் இரும்புச்சத்து. அந்த ஏழு நாளில் ஹார்மோன் நின்று போவதால் சில பெண்களுக்குச் சரியாக அந்த வாரத்தில் தலைவலி வரும். இதுவும் அதே கதைதான்.

இன்னொரு காரணமும் கூடச் சேர்கிறது. கர்ப்பப்பையின் உள்வரி கழியும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் அதிகமாகச் சுரக்கிறது. அடிவயிற்று வலி, குமட்டல், சிலருக்கு வயிற்றுப் போக்கு எல்லாம் இதனால்தான். தலைவலிக்கும் இதில் பங்கு உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் மாத்திரைகளை ஒப்பிடும்போது உதவும்.

நீர் கோத்துக்கொண்டதா?

எங்கள் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேசுவார்கள். தலைவலி என்றாலும் சரி, தலநொப்பி என்றாலும் சரி, சொல்லும் காரணம் ஒன்றுதான்: ‘தலைக்கு ஊத்திக்கிட்டு ஈரத்தோட வேலைக்குப் போனேன், நீர் கோத்துக்கிச்சு.’ மாதவிலக்கு நாட்களில் தலைக்குக் குளிப்பது நம் வழக்கம். தலைவலியும் அதே நாட்களில் வருகிறது. பழி குளியல் மேல் விழுந்துவிடுகிறது.

பிறகு என்ன? சளி மாத்திரை, ‘சைனஸ்’ என்று எக்ஸ்ரே, கண்ணாடி மாற்றுவது என்று இரண்டு வருஷம் ஓடிவிடும். மூக்கடைப்பு, காய்ச்சல், மஞ்சள் சளி எதுவும் இல்லாமல் மாதாமாதம் ஒரே நாட்களில் ஒற்றைப் பக்கமாக வலித்துக் குமட்டினால் அது சைனஸ் இல்லை என்று சந்தேகப்படுங்கள். ஒற்றைத் தலைவலி அபூர்வ நோயும் அல்ல. பெங்களூர் நிம்ஹான்ஸ் டாக்டர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்து 2015-ல் வெளியிட்ட கணக்கில், வயது வந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 25 பேருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது. பெண்களுக்கே அதிகம்.

வலி வந்த பிறகு போடுபவை

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம்.

முதலாவது, பாரசிட்டமால். வயிற்றைக் கெடுக்காத மாத்திரை. லேசான வலிக்குச் சரி. மாதவிலக்கு மைக்ரேன் பொதுவாக மற்ற நாள் மைக்ரேனைவிட நீண்டு, கடுமையாக, திரும்பத் திரும்ப வருகிற ரகம். அதற்குப் பாரசிட்டமால் மட்டும் பெரும்பாலும் போதாது.

இரண்டாவது, நாப்ராக்சன், ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள். இவை புரோஸ்டாகிளாண்டின் சுரப்பதையே குறைப்பவை. அதனால் வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே மாத்திரை வேலை செய்கிறது. விலையும் குறைவு. வயிற்று வலியோடு தலைவலியும் வருகிற பெண்ணுக்கு டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த வகையைத்தான் என்பது என் கருத்து. ஆனால் வெறும் வயிற்றில் போடக்கூடாது. குடல் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. காய்ச்சல் இருந்தால், அது டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் தீரும் வரை, இந்த மாத்திரைகள் வேண்டாம். மெஃபனமிக் ஆசிட் சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பும் காய்ச்சலுமாக, உள்ளுறுப்புகளையும் தாக்கும் ஒவ்வாமையை உண்டாக்குகிறது என்று 2023 நவம்பரில் இந்திய மருந்தியல் ஆணையமே எச்சரித்தது. அபூர்வம்தான். இருந்தாலும் மாத்திரை போட்ட சில வாரத்துக்குள் தடிப்பு வந்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, எர்கோட்டமின் கலந்த மாத்திரை. எங்கள் பக்கத்துப் பெண்களின் கைப்பையில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். எர்கோட்டமின், காஃபின், பாரசிட்டமால், குமட்டலுக்கு புரோகுளோர்பெரசின் என்று நான்கு மருந்தை ஒன்றாகச் சேர்த்தது. நம் ஊரில் கம்புக் கதிரில் ‘தேன் ஒழுகல் நோய்’ வருமே, அதே இனத்துப் பூஞ்சை ஐரோப்பாவில் ரை என்ற தானியத்தில் வரும். அதிலிருந்து 1918-ல் பிரித்தெடுத்த மருந்து எர்கோட்டமின். ரத்தக் குழாயைச் சுருக்கும். சிலருக்கு நன்றாகவே கேட்கும். ஆபத்து என்னவென்றால், பழகிவிடும். கர்ப்பிணிகள், இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் கண்டிப்பாகப் போடக்கூடாது.

நான்காவது, டிரிப்டான் வகை. 1991-ல் விற்பனைக்கு வந்த சுமாட்ரிப்டான் இதில் மூத்தது. ரிசாட்ரிப்டான், நாராட்ரிப்டான் என்று தம்பிகள் உண்டு. இவை மைக்ரேனுக்கென்றே கண்டுபிடித்தவை. மாதவிலக்கு மைக்ரேனிலும் சோதித்துப் பார்த்து, இரண்டு மணி நேரத்தில் பலன் தருவதாகத் தெரிந்திருக்கிறது. வலி லேசாகத் தொடங்கும்போதே போட்டால்தான் முழுப்பலன். ‘தாங்க முடிஞ்ச வரைக்கும் தாங்கிப் பார்ப்போம்’ என்று மத்தியானம் வரை காத்திருந்து போட்டால் பாதிப் பலன் போய்விடும். மறுநாள் வலி திரும்பி வருவது இந்த நாட்களில் சகஜம். அதனால் டிரிப்டானோடு நாப்ராக்சனும் சேர்த்து டாக்டர்கள் எழுதுவது உண்டு. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள் போடக்கூடாது. எர்கோட்டமின் மாத்திரை போட்ட 24 மணி நேரத்துக்குள் இதைப் போடவே கூடாது. டாக்டர் சீட்டு அவசியம்.

இந்த நாலில் என் தீர்ப்பு? ரகசியமே இல்லை. டாக்டர் தடை ஒன்றும் சொல்லாத பெண்ணுக்கு இரண்டாவது முதலில். அது போதாவிட்டால் நாலாவது. மூன்றாவதை மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற பழக்கம் இன்றோடு ஒழிய வேண்டும்.

மாத்திரையே தலைவலி ஆன கதை

அது ஏன் என்பதற்கு ஓர் உதாரணம். முப்பத்துநாலு வயதுப் பெண். எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவள். ‘டாக்டரம்மா, தினமும் தலைவலி. இங்கிலீஷ் மருந்து எதுவும் கேக்கல, நீங்கதான் வேரோட அறுக்கணும்’ என்றாள். மருந்து கொடுப்பதற்கு முன்னால் ஒரு மாதம் காலண்டரில் குறித்து வரச் சொன்னேன். தலைவலிக்கு ‘த’, மாத்திரைக்கு ‘மா’, மாதவிலக்குக்கு ஒரு வட்டம். அவ்வளவுதான்.

மாதம் முடிந்து காலண்டரைக் கொண்டு வந்தாள். ‘மா’ பதினேழு நாளில் இருந்தது! எர்கோட்டமின் கலந்த மாத்திரை. ஆரம்பத்தில் மாதவிலக்கு நாட்களில் மட்டும் போட்டாளாம். பிறகு, ‘ஷிப்டுல வந்துடுமோன்னு பயந்து’ முன்கூட்டியே போட ஆரம்பித்திருக்கிறாள். இப்போது மாத்திரையின் வேகம் இறங்கினால் வலி, வலித்தால் மாத்திரை என்று சக்கரம் சுற்றுகிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. எர்கோட்டமின், டிரிப்டான், பல மருந்து கலந்த வலி மாத்திரைகள்: மாதத்தில் 10 நாளுக்கு மேல். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்ற தனி மாத்திரைகள்: மாதத்தில் 15 நாளுக்கு மேல். மூன்று மாதத்துக்கு மேல் இப்படிப் போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். எத்தனை மாத்திரை என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் முக்கியம்.

அந்தப் பெண்ணை நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். அவர் மேற்பார்வையில் மாத்திரையை நிறுத்தினாள். முதல் இரண்டு வாரம் வலி அதிகமாயிற்று. வீட்டார் துணையிருந்து சமாளித்தார்கள். இரண்டு மாதத்தில் தினசரித் தலைவலி போயிற்று. மிஞ்சியது அந்தப் பழைய மூன்று நாள்தான். மூன்று நாளுக்கு வைத்தியம் பார்ப்பது எவ்வளவோ சுலபம்.

இதில் பெண்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை, தமிழ்நாட்டுத் துணி ஆலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களைப் பேட்டி கண்டு ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிலக்கு வலி என்றால், பெயரும் காலாவதித் தேதியும் இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து வேலைக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் அந்தச் செய்தி. பெயரில்லாத மாத்திரையை எப்படிக் கணக்கு வைப்பது? எந்தத் தொழிற்சாலையாக இருந்தாலும், முதலுதவி அறையில் கொடுக்கும் மாத்திரையின் பெயரைக் கேட்பது உங்கள் உரிமை. அட்டையைக் காட்டச் சொல்லி, பெயரை எழுதிக் கொள்ளுங்கள்.

வருமுன் காக்கும் மாத்திரைகள்

மாதவிலக்கு மைக்ரேனில் ஒரே ஒரு நல்ல விஷயம், அது சொல்லிவிட்டு வருகிறது. அதனால் வருவதற்கு முன்பே சில நாள் மட்டும் மருந்து போட்டுத் தடுக்கப் பார்க்கலாம். சுற்று ஒழுங்காக வருகிறவர்களுக்குத்தான் இது சாத்தியம். இங்கேதான் காலண்டர் மருந்தைவிடப் பெரிய மருந்தாகிறது.

நாப்ராக்சனை இப்படிக் கொடுத்து 40 பெண்களிடம் செய்த சோதனை இத்தாலியிலிருந்து 1990-ல் வெளிவந்தது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கினார்கள். தலைவலி குறைந்தது.

ஃப்ரோவாட்ரிப்டான் என்ற டிரிப்டானை 546 பெண்களிடம் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். வெறும் மாவு மாத்திரை போட்ட மாதத்தில் நூற்றுக்கு 67 பேருக்குத் தலைவலி வந்தது. மருந்தை ஆறு நாள், தினம் ஒரு வேளை போட்டபோது 52. இரு வேளை போட்டபோது 41. பலன் உண்டு, ஆனால் பாதிக்குப் பாதி கூடக் குறையவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால்தானே வலி, அதையே கொடுத்தால் என்ன? இங்கிலாந்தில் ஆன் மக்ரெகர் என்ற பெண் டாக்டரின் குழு அதையும் செய்து 2006-ல் எழுதியது. தோலில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல். தடவிய நாட்களில் மைக்ரேன் 22 சதவீதம் குறைந்தது. நிறுத்திய அடுத்த ஐந்து நாளில் 40 சதவீதம் கூடியது! கடனை வாங்கி வட்டியோடு கட்டுகிற கதை. எனவே இதை முதல் வழியாக யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

மெக்னீசியம் என்ற தாது உப்பை மாதத்தின் பிற்பகுதியில் கொடுத்துப் பார்த்த சோதனை 1991-ல் இத்தாலியிலிருந்து வந்தது. 20 பெண்கள்தான். பலன் தெரிந்தது என்றாலும் சின்னச் சோதனை. சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மாதவிலக்கு நாட்கள் தவிர மற்ற நாட்களிலும் அடிக்கடி வலி வருகிறவர்களுக்குத்தான் தினசரி மாத்திரை. புரப்ரானலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஃப்ளுனரிசின் தூக்கத்தையும் எடையையும் கூட்டும், சிலருக்கு மனச்சோர்வு தரும். அமிட்ரிப்டிலின் வாயை உலர வைக்கும். வால்ப்ரோயேட், டோபிரமேட் இரண்டும் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக் கூடியவை. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண், ‘டாக்டர், இது கர்ப்பத்துக்கு ஆகுமா?’ என்று வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். மாதத்தில் மூன்றே நாள் வலிக்கிற பெண்ணுக்கு முப்பது நாளும் மாத்திரை எதற்கு? இதையும் கேளுங்கள். கேட்டால் கோபித்துக் கொள்ளும் டாக்டர் குறைவு.

என் அலமாரியில் இருப்பவை

சித்த மருத்துவத்தில் ஒற்றைத் தலைவலியை ‘ஒருதலை வாத பேதம்’ என்போம். வலிக்கும் பக்கம் சுக்கை உரைத்துப் பற்றுப் போடுவது, நீர்க்கோவை மாத்திரையைக் குழைத்து நெற்றியில் தடவுவது, நொச்சி இலை ஆவி, சுக்குத் தைலத் தலைமுழுக்கு இவையெல்லாம் நாங்கள் கையாளுபவை. (நீர்க்கோவை மாத்திரை வெளிப்பூச்சுக்கு. விழுங்குவதற்கு அல்ல!) வாசனையே ஆகாத மைக்ரேன்காரர்களுக்கு நொச்சி ஆவி குமட்டலைக் கூட்டுவதும் உண்டு. அப்படிப்பட்டவர்களைக் கட்டாயப்படுத்தி ஆவி பிடிக்க வைக்காதீர்கள்.

இஞ்சிக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஈரானில் 100 பேரிடம் இஞ்சித் தூளையும் சுமாட்ரிப்டானையும் ஒப்பிட்டு 2014-ல் வெளியிட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. சந்தோஷப்படலாம். ஆனால் அதில் மாவு மாத்திரை வரிசை இல்லை. மாதவிலக்கு மைக்ரேனுக்கென்று செய்ததும் அல்ல. தினமும் இஞ்சிச் சத்து சாப்பிட்டால் வராமல் தடுக்குமா என்று பிரேசிலில் பார்த்தபோது, மாவு மாத்திரையைவிட மேலாக ஒன்றும் இல்லை. எனவே குமட்டலுக்கு இஞ்சிச் சாறு, சுக்கு மல்லிக் காப்பி தாராளமாகக் குடியுங்கள். அதையே முழு வைத்தியமாக நம்ப வேண்டாம்.

இங்கே என் சக வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘மூன்றே மாதத்தில் ஒற்றைத் தலைவலி வேரோடு போகும்’ என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் எழுதுகிறோம். ஹார்மோன் ஏறி இறங்கும் வயது வரை திரும்பி வரக்கூடிய வலி இது. வேரோடு அறுக்கும் மருந்து எங்களிடமும் இல்லை, இங்கிலீஷ் வைத்தியத்திலும் இல்லை. பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடியும் பற்பமும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அதில் என்ன உலோகம் இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, நாளைக்கு உங்களைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், எழுதிய சீட்டோடு வாங்குங்கள்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடிவது, வலி இல்லாத நாட்களைப் பற்றித்தான். நேரத்துக்குச் சாப்பிடுவது, நேரத்துக்குத் தூங்குவது, தண்ணீர் குடிப்பது. மாதவிலக்கு நெருங்கும் நாட்களில் பட்டினி விரதம் வேண்டாம். வெள்ளிக்கிழமை விரதம் அந்த நாளில் வந்தால் பழமும் பாலுமாவது சாப்பிடுங்கள். அம்மன் கோபித்துக் கொள்ள மாட்டாள். நைட் ஷிப்டு மாற்றிக் கேட்க முடிந்தால் அந்த நாட்களுக்குக் கேளுங்கள். காரணம் காட்டக் காலண்டர் இருக்கிறது.

கண்ணில் மின்னல் தெரிகிறதா?

இனிச் சொல்வதைக் கட்டாயம் படியுங்கள். சிலருக்குத் தலைவலிக்கு முன்னால் கண்ணெதிரே வளைந்து வளைந்து மின்னும் கோடு தெரியும். பாதிக் காட்சி மறையும். கை மரத்து, அது மெல்ல முகத்துக்கு ஏறும். அரை மணி, ஒரு மணியில் போய்விடும். இதற்கு ‘ஆரா’ என்று பெயர். ஆரா உள்ள பெண்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சற்று அதிகம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சேர்ந்தால் இன்னும் கூடும். அதனால் ஆரா உள்ளவர்கள், எந்த வயதாக இருந்தாலும், இந்த மாத்திரையைப் போடக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலா-என் இந்த வகைதான். நர்ஸம்மாவிடம் ‘எனக்குக் கண்ணுல மின்னல் வர்ற தலைவலி’ என்று சொல்லுங்கள். காப்பர்-டி போல வேறு வழிகள் இருக்கின்றன.

மாதவிலக்கைத் தள்ளிப் போடும் மாத்திரையும் அப்படித்தான். எங்கள் பக்கத்தில் சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து போகும் வேண்டுதல் உண்டு. ஆறு வாரத்தில் மாதவிலக்கு ஒருமுறையாவது வருமே! உடனே மருந்துக்கடையில் நோரெதிஸ்டிரோன் வாங்கிப் போட்டுக் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தள்ளிப் போடும் அளவுக்குச் சாப்பிடும்போது அதில் ஒரு பகுதி உடம்பில் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. ஆரா உள்ளவர்கள், முன்பு ரத்தம் உறைந்த சிக்கல் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ஒரு செவ்வாய் விட்டுப் போனால் அடுத்த செவ்வாய் போய்க் கொள்ளலாம்.

‘கல்யாணம் ஆனா சரியாயிடும், புள்ளை பெத்தா சரியாயிடும்’ என்பார்கள். கர்ப்ப காலத்தின் பிற்பகுதியில் பலருக்குக் குறைவது உண்மைதான். ஹார்மோன் ஏறியே இருப்பதால். பிரசவத்துக்குப் பிறகு திரும்பி வரும். நாற்பதுகளில் மாதவிலக்கு தாறுமாறாகும்போது கூடும். முழுதாக நின்ற பிறகு பலருக்குக் குறையும். ‘கர்ப்பப்பையை எடுத்துட்டா தலைவலி போயிடும்’ என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். வலியைக் கிளப்புவது கர்ப்பப்பை அல்ல என்று மேலே பார்த்தோமே! ஒற்றைத் தலைவலிக்கு கர்ப்பப்பையை எடுப்பது வைத்தியமே அல்ல. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் ஹார்மோன் ஒரே நாளில் விழுந்து வலி மோசமாகவும் கூடும்.

எப்போது ஓட வேண்டும்? இடி விழுந்தது போல திடீரென்று, வாழ்நாளில் வராத தலைவலி. ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் குழறுவது, வலிப்பு. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு. கர்ப்பத்திலோ பிரசவமான சில வாரங்களிலோ கடும் தலைவலி. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வருவது. இவற்றுக்குப் பற்றும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரிதான்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்களுக்கு. மாமியாரே, மாமனாரே, கணவரே, அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பது சோம்பலால் அல்ல. அன்று ஒருவேளை சமையலை யாராவது பார்த்துக் கொண்டால், அவள் மாத்திரையை நேரத்தில் போட்டு இரண்டு மணி நேரம் இருட்டறையில் படுப்பாள். மாலையில் எழுந்து விடுவாள். தாங்கிக் கொண்டு நின்றால் மூன்று நாள் போகும். நாளைக் காலை தேதி கிழிக்கும்போது அவளிடமே ஒரு பேனாவைக் கொடுங்கள். ‘த’, ‘மா’, ஒரு வட்டம். மூன்று மாதம் குறித்த தாளோடு டாக்டரிடம் போனால், அவர் சித்த வைத்தியரோ நரம்பியல் நிபுணரோ, பாதி வைத்தியத்தை நீங்களே முடித்துக் கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம்.